வயிற்றுப்போக்கும் வீட்டில் குழந்தையைப் பேணுவோரும்

வயிற்றுப்போக்கினால் குழந்தைகள் இறப்பதற்குப் பெரும்பாலும் காரணமாவது, உடலிலிருந்து நீரும் உப்புகளும் மிகுதியாக வெளியேறுவதேயாகும். இழந்ததை உடனே ஈடு செய்வதே முதற் சிகிச்சை. அதனைத் தாமதமின்றித் தொடங்கக்கூடியவர் வீட்டில் குழந்தையைப் பேணுபவரே ஆவார்.

நோயுற்ற குடல் தனி உப்புநீரை நன்கு ஏற்பதில்லை. குளுகோஸும் சோடியமும் சேர்ந்திருப்பின் இரண்டையும் ஒருங்கே உறிஞ்சுகிறது. அவற்றைத் தொடர்ந்து நீரும் இரத்தத்தை அடைகிறது. 1971-ஆம் ஆண்டில் மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, சிரை வழியே செலுத்தும் உப்புநீர் போதாமற் போயிற்று. டாக்டர் திலீப் மகலனாபிஸும் அவர்தம் குழுவினரும் இக்கரைசலைத் தயாரித்து, நோயாளிகளின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தனர். சுமார் 30 சதவீதமாயிருந்த இறப்பு, 4 சதவீதத்திற்கும் கீழே குறைந்தது.

ஒரு லிட்டருக்குரிய பொட்டலம் முழுவதையும், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் கரைத்தல் வேண்டும். நீர் குறையின் உப்பு மிகுந்து தீங்கு விளையும். கூடின் பயன் குன்றும். எஞ்சியதை 24 மணி நேரத்திற்குப் பின் கொட்டிவிட வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை சிறிது சிறிதாகப் புகட்டலாம். வாந்தி எடுப்பின், 10 நிமிடம் பொறுத்து மெதுவாகத் தொடரலாம். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது.

கண்கள் குழி விழுதல், மிகுந்த சோர்வு, குடிக்க இயலாமை, மலத்தில் இரத்தம் ஆகியவை தோன்றின் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

கிராமப் பணியாளரும் ஆசிரியரும் இவற்றை வாய்மொழியாகக் கூறுவதோடு நில்லாமல், வீட்டிலுள்ள பாத்திரத்திலேயே ஒரு லிட்டர் நீரை அளந்து, கரைசலைத் தாமே தயாரிக்கும்படி வீட்டாரைப் பழக்குவது நலம்.