வெட்டப் பயந்த முந்திரிகை

வலிகாமம் வடக்கில், 2010களில் விடுவிக்கப்பட்ட காணியொன்றில் மீளக்குடியேறிய சகோதரி ஒருவரின் வளவுக்குப் போயிருந்தேன். கிணற்றடியில் இரண்டு முந்திரிகைக் கொடிகள் படர்ந்த பந்தல். கீழே நின்றால் வானம் தெரியாது, அவ்வளவு இலை.

"நல்ல செழிப்பாய் இருக்கு, அக்கா" என்றேன்.

"செழிப்புத்தான் தங்கச்சி. இரண்டு வருசமாய்ச் சொல்லும்படியாய் ஒரு குலை இல்லை."

கொடி வெட்டுகிறவர் அவருடைய கணவர். உடம்பில் ஷெல் துண்டோடு வாழ்ந்து, நோயில் காலமானார். பிறகு யாரும் வெட்டவில்லை. "அவர் வைச்ச கொடி. நான் பிழையாய் வெட்டி, பட்டுப்போனால்?" என்று கேட்டார். இந்தப் பயத்தைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். வாழ்வாதாரப் பயிற்சி என்றால் எங்களுக்குத் தையலும் கோழியும்தான். கத்தரிக்கோலும் ஏணியும் ஆண்களுடையவை என்று யாரோ எப்போதோ பிரித்து வைத்துவிட்டார்கள்.

குளிர் நாடுகளில் முந்திரிகை மாரியில் இலையெல்லாம் உதிர்த்து உறங்கும். அந்த உறக்கத்தில்தான் அங்குள்ளவர்கள் கொடியை வெட்டுவார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்கு உறக்கமே இல்லை. வெட்டாவிட்டால் வருடம் முழுக்க இலையும் கொடியுமாய் ஓடிக்கொண்டேயிருக்கும். பழமோ, முற்றிய தடியிலிருந்து புதிதாய் வெடிக்கும் தளிரில்தான் வரும். அந்தத் தடி வளரும்போது அதற்கு வெயில் கிடைத்திருக்கவும் வேண்டும். இருட்டில் வளர்ந்த தடியில், குலை வரவேண்டிய இடத்தில் வெறும் சுருள்தான் வரும். அக்காவின் பந்தலில் நடந்தது இதுதான்.

வெட்டுவதற்கு ஒன்றிரண்டு கிழமை முன்னர் தண்ணீரை நிறுத்தவேண்டும். பென்சில் மொத்தத்தில், மண்ணிறமாய் முற்றிய தடிகளைத் தெரிந்தெடுத்து வைத்துக்கொண்டு, காய்ந்தவை, மெலிந்தவை, ஒன்றன்மேல் ஒன்று ஏறியவை எல்லாவற்றையும் அடியோடு நீக்கலாம். வைத்த தடியில் எத்தனை கணு விடுவது? இங்குதான் பலர் பிழைவிடுகிறார்கள். சில இனங்கள் அடிக்கணுவிலேயே காய்க்கும், சில நான்காம் ஐந்தாம் கணுவில்தான் காய்க்கும். யாழ்ப்பாணத்தில் பரவலாய் உள்ள 'இஸ்ரேல் புளூ'வா, வேறு இனமா என்பது தெரியாதென்றால், போன முறை எந்தக் கணுவின் தளிரில் குலை வந்தது என்று பார்த்து, அதற்கு மேலே வெட்டுங்கள். உங்கள் கொடியே சொல்லித்தரும். கணுவுக்கு ஒரு விரல் மேலே, சாய்வாய், கூரான கத்தரிக்கோலால் வெட்டவேண்டும். வெட்டுவாயில் நீர் சொட்டும், பயப்படத் தேவையில்லை.

புதுக்கொடி வைப்பவர்கள், பந்தல் உயரம் வரும்வரை ஒரே தண்டை மட்டும் கம்பில் கட்டி ஏற்றிப் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுங்கள். பந்தலைத் தொடுமுன் நுனியைக் கிள்ளினால் கிளைக்கும். அவற்றில் இரண்டை எதிரெதிர்த் திசையில் ஓடவிடலாம்.

காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தளிரும் பூவும் நின்றால் பூஞ்சண நோய் முழுவதையும் தின்றுவிடும். வெட்டியதிலிருந்து அறுவடைக்கு மூன்று, மூன்றரை மாதம் என்று கணக்கு வைத்து, மழைக்கு முன்னர் குலை இறங்கும்படி நாளைத் தெரிவு செய்யவேண்டும். போர்டோக் கலவை தெளிப்பதானால் 10 லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் துருசு, 100 கிராம் சுண்ணாம்பு. இரும்பு வாளி கூடாது.

அக்கா முதலில் ஒரு கொடியை மட்டும் வெட்ட ஒத்துக்கொண்டார். ஏணியைப் பிடித்தபடி நான் கணு எண்ணினேன். கையை அவர்தான் வைத்தார். முதல் வெட்டில் நீர் சொட்டியதும் "அழுகுது பார்" என்று இறங்கிவிட்டார். தேநீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினார். மொட்டையாய் நின்ற பந்தலைப் பார்த்து அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். இரண்டு கிழமைக்குள் தளிர் வெடித்தது. இலைக்கு எதிரே கடுகுபோல் பூங்கொத்துகளும் வந்தன. வெட்டாத கொடியில் வழமைபோல் இலை.

முன்னர் வியாபாரி பந்தலைப் பார்த்து மொத்தமாய் ஒரு விலை சொல்லுவார், இவரும் தலையாட்டுவார். இம்முறை குலைகளை மகளைக்கொண்டு எண்ணி, ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு, "நிறுத்து எடுங்கோ, அப்படியெண்டால் தாறன்" என்றிருக்கிறார். வியாபாரி முணுமுணுத்தாலும் தராசோடு வந்தார்.

போன கிழமை அங்கு போனபோது, இரண்டாவது கொடிக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலை மண் போட்டு மறித்திருந்தார்.