கடித்த அன்றே போட வேண்டிய ஊசி

சளி, காய்ச்சல் என்றால் இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம், தணியாவிட்டால் டாக்டரிடம் போவோம் என்பது நம் வீடுகளின் வழக்கம். உடம்புக்கு ஏதாவது தெரிந்தால்தானே வைத்தியம்? பல நோய்களில் இந்தக் கணக்கு செல்லுபடியாகும். வெறிநாய்க்கடியில் அதே கணக்கு உயிரை வாங்கிவிடும். தண்ணீர் குடிக்கப் போனால் தொண்டை இறுகுவது, காற்றுப் பட்டாலே உடல் உதறுவது என ரேபிஸின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் அதன்பின் நம்பத்தகுந்த சிகிச்சை எந்த நாட்டிலும் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறக்கிறார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். இத்தனைக்கும் லூயி பாஸ்டர் தன் தடுப்பு மருந்தை ஜோசப் மெய்ஸ்டர் என்ற சிறுவனுக்குச் செலுத்தியது 1885 ஜூலையில். நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது 1907இல். மருந்து இருந்தும் மனிதர்கள் இறக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் அது அவர்களைச் சென்று சேரவில்லை அல்லது தாமதமாகச் சேர்ந்தது என்றுதான் பொருள்.

பெரும்பாலான தடுப்பூசிகளை நோய்க்கிருமி வருமுன் போட வேண்டும். இதைக் கிருமி உள்ளே நுழைந்த பிறகும் போடலாம், பலன் கிடைக்கும். காரணம், ரேபிஸ் வைரஸ் ரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. கடிவாயின் தசையிலிருந்து நரம்புக்குள் புகுந்து, அதன் வழியாகத் தண்டுவடத்தையும் மூளையையும் நோக்கி மெல்ல நகர்கிறது. இதற்குப் பொதுவாக இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரே வாரத்தில் நடந்துவிடும், அரிதாக ஓர் ஆண்டுகூட ஆகும். அந்த நாட்களில் காயம் ஆறிவிடும், பசி எடுக்கும், தூக்கம் வரும். கிருமி உள்ளே இருக்கிறதா என்று சொல்லும் பரிசோதனையும் அப்போது இல்லை. “ஒன்றும் ஆகவில்லையே” என்று நாம் நிம்மதி அடையும் அந்த இடைவெளிதான் ஊசி வேலை செய்யக்கூடிய ஒரே காலம். ஊசி போட்ட பிறகு உடல் போதிய எதிர்ப்புப் பொருளை உருவாக்க ஏழு முதல் பதினான்கு நாட்கள் தேவை என்பதால், தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் கிருமிக்கே லாபம். அதற்காக, கடிபட்டு மூன்று வாரம் ஆனவர் இனி எதற்கு என்று விட்டுவிடவும் கூடாது; அறிகுறி தோன்றாதவரை தொடங்கலாம், தொடங்கத்தான் வேண்டும்.

முதல் மருந்து குழாயடியில் இருக்கிறது. ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினாலே கிருமியின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் இதைச் செய்யாது. புண்ணைக் கிளறிவிடுவதுதான் மிச்சம். மந்திரித்துக் கயிறு கட்டுவதை நம்புகிறவரோடு நான் சண்டைக்குப் போகவில்லை. ஊசி போட்டுவிட்டுக் கட்டிக்கொள்ளட்டும். கழுவிய பிறகு டாக்டர் பார்ப்பது காயத்தின் தன்மையை. காயமில்லாத தோலை நாய் நக்கியது என்றால் ஊசி தேவையில்லை. ரத்தம் வராத கீறல் என்றால் தடுப்பூசி. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தாலோ, வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டிருந்தாலோ தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும். தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருளான இதைக் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்துவார்கள்; தடுப்பூசி பலன் தரும்வரை காவல் காப்பது இதுதான்.

ஊசி என்றதும் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு என்ற பழைய பயம் இன்னும் பலருக்குப் போகவில்லை. அந்தப் பயம் ஆதாரமற்றதும் இல்லை. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய, ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரான மருந்தைத்தான் நாம் நெடுங்காலம் பயன்படுத்தினோம். சிலருக்கு அது உடல் செயலிழப்பையே உண்டாக்கியது. சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் இந்தியா அதைக் கைவிட்டுவிட்டது. இப்போதைய மருந்து ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலிருந்து வருகிறது, போடுவது கையில். முதல் ஊசி போடும் நாளைப் பூஜ்யமாக வைத்து, அதன்பின் 3, 7, 28ஆம் நாட்களில் தோலுக்குள் போடும் முறை அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. 2022இலும் 2025இலும் கேரளத்தில், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் சிலர், குழந்தைகள் உட்பட, ரேபிஸால் இறந்தார்கள். அப்படியானால் மருந்தை எப்படி நம்புவது? கேள்வி நியாயமானது. தலை, முகம், கழுத்து, விரல் நுனி ஆகிய இடங்களில் கடிபட்டால் கிருமி மூளையை அடைய வேண்டிய தூரம் குறைவு, அல்லது அங்கே நரம்புகள் அதிகம். உயரம் குறைந்த குழந்தைகளுக்கு முகத்தில் கடி விழுவது சகஜம். அத்தகைய காயத்தை உடனே கழுவாமலோ, இம்யூனோகுளோபுலின் எல்லாக் காயத்திலும் சேராமலோ போனால் தடுப்பூசி மட்டும் முந்திக்கொள்ள முடியாமல் போகலாம். எல்லாம் முறைப்படி நடந்தும் அபூர்வமாகத் தோற்கலாம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஊசி போடாதவருக்கு அந்தப் பாதுகாப்புகூட இல்லை. நோய் தொடங்கிவிட்டால் மரணம் ஏறக்குறைய நிச்சயம்.

“வீட்டு நாய்தானே, நன்றாகத்தானே இருக்கிறது” என்பது அடுத்த சமாதானம். நாயைப் பத்து நாள் கவனிப்பது சரியான முறைதான். ஆனால் முதல் ஊசியைப் போட்டுவிட்டுக் கவனிக்க வேண்டும்; பத்து நாளுக்குப் பிறகும் நாயோ பூனையோ நலமாக இருந்தால் மீதி ஊசியை நிறுத்தலாமா என்று டாக்டர் சொல்வார். நாய்க்குட்டி என்பதும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது.

தெருநாய்களை ஒழித்துவிட்டால் இந்தப் பாடே இல்லையே என்போரின் கோபம் புரிகிறது. ஆனால் பிடித்துச்சென்ற நாய்களின் இடத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஊசி போடாத நாய்கள் வந்து சேரும். ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் அந்த அளவைக் காத்துவந்தால் அவற்றுக்குள் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். கோவாவில் இதைத்தான் செய்தார்கள். 2018 முதல் மூன்று ஆண்டுகள் அங்கே ஒரு மனிதர்கூட ரேபிஸால் இறக்கவில்லை. நாய்கள் அங்கே காணாமல் போய்விடவில்லை, கடிப்பதும் நிற்கவில்லை. கடிபட்டு வருகிறவர்களுக்குக் கோவா இன்றும் ஊசி போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.