விண்வெளிப் புகையிரதமும் அதிர்ஷ்டச் சீட்டும்

சதுரங்கத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. தாயத்தில் அதற்குப் பாதி இடமுண்டு. உருட்டிய சோழிகளில் எத்தனை மல்லாந்து விழும் என்பது ஆடுவோன் வசத்தில் இல்லையாயினும், விழுந்த எண்ணைக் கொண்டு எந்தக் காயை நகர்த்துவது, எதைக் கட்டத்தில் நிறுத்திக் காப்பது, எதை வெட்டுக்குக் கொடுப்பது என்பதெல்லாம் அவனுடைய விவேகத்தைச் சார்ந்தவை. எதிரே அமர்ந்திருப்பவனுக்கும் அதே சோழிகள்தாம். அவற்றை ஒருமுறை கூடுதலாக உருட்டுவதற்கு யாரும் விலை கேட்பதில்லை. இன்று நம் பிள்ளைகள் பாடசாலை விட்டு வந்ததும் கைத்தொலைபேசியில் திறந்துகொண்டு அமரும் ஒருவகை ஆட்டத்திலும் புத்தியும் அதிர்ஷ்டமும் கலந்தே இருக்கின்றன. ஆனால் அங்கே அதிர்ஷ்டம் பலகையை விட்டு எழுந்து, கடைவாசலில் போய் உட்கார்ந்துகொண்டது. போர்க்களத்தில் ஆடுவது புத்தி. போருக்கு யார் யாரை அழைத்துச் செல்லலாம் என்பதைத் தீர்மானிப்பது சோழி. அந்தச் சோழியை மேலும் மேலும் உருட்டப் பணம் வாங்கப்படுகிறது. இவ்வாட்டத்தைப் புதிதாகத் தொடங்குகிறவரும், தொடங்கிவிட்ட பிள்ளையைப் பார்த்து என்ன சொல்வதென்று திகைக்கும் பெற்றோரும் முதலில் அறியவேண்டிய விஷயம் இதுவே.

ஆட்டத்தின் போர்முறை பழையது. ஒருவர் அடித்து முடித்த பின்னரே மற்றவர் அடிக்கும் முறைவழிக் கதையாட்டங்களை ஜப்பானில் 1986இல் வெளிவந்த டிராகன் குவெஸ்ட்டும், அடுத்த ஆண்டில் வந்த ஃபைனல் ஃபேன்டசியும் பிரசித்தமாக்கின. கடைவாசலில் உருட்டும் அந்தச் சோழியின், அதாவது அதிர்ஷ்டச் சீட்டின், பூர்வோத்தரமும் ஜப்பானிலேயே இருக்கிறது. நாணயத்தைப் போட்டுக் கைப்பிடியைத் திருகினால், உள்ளே எந்தப் பொம்மை இருக்கிறதென்று தெரியாத ஒரு சிறு பிளாஸ்டிக் கூடு உருண்டு விழும் இயந்திரங்கள் அந்நாட்டுக் கடைவாசல்களில் 1960களிலிருந்தே உண்டு. 1977இல் பண்டாய் நிறுவனம் அந்த வியாபாரத்தில் இறங்கிற்று. அவ்வியந்திரத்தின் பெயரிலிருந்து வந்ததே ‘காச்சா’ என்னும் வழக்கு. 2010இல் கொனாமி வெளியிட்ட டிராகன் கலெக்‌ஷன் அந்த உபாயத்தைக் கைத்தொலைபேசிக்குக் கொண்டுவந்தது. 2014இல் கொரியாவின் சம்மனர்ஸ் வார், 2015இல் ஜப்பானின் ஃபேட் கிராண்ட் ஆர்டர் ஆகியவை முறைவழிப் போரோடு அதை இணைத்துப் பெருஞ்செல்வம் ஈட்டின. இவ்வகை ஆட்டங்களுள் இன்று புதிதாகத் தொடங்குவோர்க்கு எளிதானதும், கதைச் சிறப்பால் என் மனத்தைக் கவர்ந்ததும், ஷாங்காய் நகரத்து மிஹோயோ நிறுவனம் 2023 ஏப்ரல் 26ஆம் திகதி வெளியிட்ட ஹொங்காய் ஸ்டார் ரெயில் ஆகும். பல்கலைக்கழகத் தோழர்கள் மூவர் 2012இல் தொடங்கிய அந்நிறுவனம் வெளிநாடுகளில் ஹோயோவெர்ஸ் என்னும் பெயரால் அறியப்படுகிறது.

பெயருக்கேற்ப, இது ஒரு புகையிரதப் பிரயாணத்தின் கதை. தன் முன்கதை எதையும் அறியாத நாயகனோ நாயகியோ (யாராக ஆடுவது என்பது நம் விருப்பம்) ஒரு விண்வெளி நிலையத்தில் கண்விழித்து, கிரகத்துக்குக் கிரகம் ஓடும் புகையிரதமொன்றில் ஏறிக்கொள்கிறார். சிறு பிராணியின் உருவங்கொண்ட பொம்-பொம் அந்த வண்டியின் நடத்துநர், வழிகாட்டி ஹிமெக்கோ. 1990இல் நின்றுபோன வண்டி 2015 ஜனவரியில் மீண்டும் வந்து சேரும்வரை ஏறத்தாழக் கால் நூற்றாண்டு தண்டவாளமே இல்லாது கிடந்த, யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகம் நிலையத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, புகையிரதம் வந்து நிற்பதே ஒரு கதையின் தொடக்கம் என்பதை விளக்கவேண்டியதில்லை.

வண்டி முதலில் நிற்கும் கிரகம் யாரிலோ-6. அழியாப் பனியால் மூடுண்ட அவ்வுலகில் பெலோபொக் என்னும் ஒரே நகரம் எஞ்சியிருக்கிறது. அந்நகரத்தின் மேற்றளத்தார் கீழ்த்தளத்தாரோடு இருந்த பாதையை அடைத்துவிட்டார்கள். நிலத்தடியில் சுரங்கத் தொழிலாளரும் அநாதைப் பிள்ளைகளுமாக ஒரு ஜனசமூகம் வெளியுலகச் செய்தியின்றி வாழ்கிறது. அங்கே நதாஷா என்னும் வைத்தியர் ஒரு சிறிய மருந்தகத்தை வைத்துக்கொண்டு, இருக்கிற மருந்தை இருக்கிற நோயாளிகளுக்குப் பங்கிடுகிறார்; பின்னர் கதைப்போக்கிலே இலவசமாகவே நம் அணியிலும் வந்து சேர்கிறார். பாதை மூடப்பட்டு, மண்ணெண்ணெயும் மின்கலமும் மருந்தும் தடைப்பட்டியலில் இருந்த 1990களில் இக்குடாநாட்டில் வாழ்ந்தவர்கள், சீனத்தில் எழுதப்பட்ட இப்பகுதியைத் திரையில் வாசிக்கும்போது தாங்கள் கடந்துவந்த ஒரு காலத்தையே வாசிப்பதாக உணர்வார்கள். அந்த நாட்களில் பிறந்திராத பிள்ளைகளுக்கு அவற்றைப்பற்றிச் சொல்ல, மூத்தவர்களுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்ப்பதரிது. பேச்சொலி சீனம், ஜப்பானியம், கொரியம், ஆங்கிலம் ஆகிய நான்கிலும் உண்டு. தமிழில் எழுத்துமில்லை, ஒலியுமில்லை. நீண்ட உரையாடல்களை ஆங்கிலத்தில் வாசித்தே கதையை அறியவேண்டியிருக்கிறது. அவசரத்தில் அவற்றைத் தள்ளிவிட்டுப் போருக்கு ஓடும் பிள்ளை, ஆட்டத்தின் மிகச்சிறந்த பாகத்தை இழக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இனிப் போருக்கு வருவோம். அணிக்கு நால்வர். திரையின் இடப்புறத்தில், அடுத்து யாருடைய முறை என்பது வரிசையாகத் தெரியும். ஒவ்வொருவருக்கும் ஒரு சாதாரண அடி, ஒரு திறன், ஒரு பெருந்திறன் உண்டு. சாதாரண அடி அணியின் பொது இருப்பில் ஒரு புள்ளியைச் சேர்க்கும். திறன் ஒரு புள்ளியைச் செலவிடும். இருப்பு ஐந்துக்கு மேல் ஏறாது. போர் தொடங்கும்போது மூன்று இருக்கும். இந்தச் சிறு கணக்கே ஆட்டத்தின் உயிர்நாடி. நால்வரும் தத்தம் திறனையே பிரயோகிக்க விரும்பினால் முதற்சுற்று முடியுமுன்பே கை வெறுமையாகிவிடும். ஆதலால் யாரைச் செலவாளியாக்குவது, யாரைச் சிக்கனக்காரராக்குவது என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்ளவேண்டும். பெருந்திறனுக்கு முறை தேவையில்லை. அதற்குரிய சக்தி நிரம்பியதும், எதிரியின் முறைக்கு முன்பாகவும் குறுக்கிட்டுப் பிரயோகிக்கலாம்.

எதிரிகளின் தலைக்குமேல் உயிர்க்கோட்டோடு ஒரு வெள்ளைக்கோடும், அவர்கள் எந்த மூலகத்துக்கு நலிவுடையவர் என்பதைக் காட்டும் சின்னங்களும் இருக்கும். மூலகங்கள் ஏழு, நெருப்பு, பனி, மின்னல், காற்று முதலியன. நலிவுள்ள மூலகத்தால் அடித்தால் வெள்ளைக்கோடு தேயும். அது முற்றாகத் தேய்ந்தால் எதிரி நிலைகுலைவான், அவன் முறையும் பின்தள்ளப்படும். என் மருமகன் எனக்குக் காட்டித்தந்த ஒரு கட்டத்தில், காற்றுக்கு நலிவுள்ள பெரிய எதிரியொருவன் வரிசையில் அடுத்தவனாக நின்றான். பக்கத்தில் இரு சிறியவர்கள். எங்கள் பக்கத்தில் பனியால் கேடயம் கட்டும் மார்ச் செவன்த்தின் உயிர்க்கோடு மிகவும் குறுகியிருந்தது. காற்று மூலகத்து ஈட்டிவீரனான டான் ஹெங்குக்குப் பெருந்திறன் நிரம்பியிருந்தது. “மாமா, பொறுங்கோ, சின்னதுகளை விடுங்கோ. பெரியவன்ர வெள்ளைக்கோட்டில ஒரு துண்டுதான் கிடக்கு. டான் ஹெங்கை விட்டு அதை முறியுங்கோ, அவன்ர முறை பின்னுக்குப் போயிடும்” என்றான். அவ்வாறே செய்தபோது, வரிசையின் தலையில் நின்ற எதிரியின் முகம் கீழே இறங்க, அதற்குமேல் நதாஷாவின் முகம் ஏறியதைப் பார்த்தேன். அவர் குணப்படுத்தும் திறனைப் பிரயோகிக்க, மார்ச் செவன்த் பிழைத்தாள். அரிய வீரர் ஒருவருமின்றி, கதையில் இலவசமாகக் கிடைத்தவர்களைக் கொண்டே அப்போர் வெல்லப்பட்டது.

வேகத்தின் கணக்கும் அறியத்தக்கது. ஒவ்வொரு வீரரும் தம் முறைக்காக 10,000 அலகு தூரத்தைத் தம் வேகத்தால் ஓடிக் கடப்பதாக ஆட்டம் கணிக்கிறது. 100 வேகமுள்ளவர் ஐந்துமுறை அடிக்கும் நேரத்தில் 120 வேகமுள்ளவர் ஆறுமுறை அடித்துவிடுவார். ஆகவே அடியின் வலிமையை மட்டும் பார்த்து வேகத்தைப் புறக்கணிப்பது நஷ்டத்தில் முடியும். குணப்படுத்துவோருக்கும் கேடயம் கட்டுவோருக்கும் வேகமே முதற்பெருமை.

அடுத்தது கடைவாசல். அரிய வீரரை ஐந்து நட்சத்திரத்தார் என்பர். அவரைப் பெறுவதற்கான அதிர்ஷ்டச் சீட்டை ஒருமுறை இழுக்க, ‘ஸ்டெல்லர் ஜேட்’ என்னும் கல் 160 செலவாகும். அதில் ஐந்து நட்சத்திர வீரர் கிடைப்பதற்குள்ள சாத்தியம் நூற்றுக்கு 0.6 என்று ஆட்டமே அறிவிக்கிறது. அந்த வீதப்படி, பத்து இழுப்பு இழுப்பவர் நூறு பேரில் தொண்ணூற்றுநான்கு பேர் ஐந்து நட்சத்திரத்தாரைக் காணாமலே திரும்புவர். ஆயினும் 90ஆம் இழுப்புக்குள் ஒருவர் நிச்சயம் உண்டு என்னும் உத்தரவாதமும் இருக்கிறது. பிள்ளைகள் இதைப் ‘பிட்டி’ என்பார்கள். வருகிற அந்த ஒருவர், விளம்பரத்தில் காட்டிய வீரராகவே இருப்பதற்கு அறிவித்துள்ள சாத்தியம் சரிபாதி. அவர் அல்லாத வேறொருவர் வந்துவிட்டால், அடுத்தமுறை விளம்பர வீரர் நிச்சயம். எனவே விரும்பிய ஒரே வீரருக்காக மிகக் கெட்ட அதிர்ஷ்டத்தில் 180 இழுப்பு, அதாவது 28,800 கல் செலவாகலாம். முதற்கொள்வனவுச் சலுகை தீர்ந்தபின், ஏறக்குறைய 100 அமெரிக்க டொலருக்கு விற்கும் பெரிய பொதியில் கிடைப்பது 8,080 கல். அவ்வளவையும் விலைக்கே வாங்குவதாயின் நான்கு பொதிகள் வேண்டும். டொலர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு லட்சத்து இருபதினாயிரம் ரூபாய். ஒரு சித்திரவீரனின் விலை இது. ரொறொன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சித்தப்பா அன்போடு அனுப்பும் காசு எத்தனை உழைப்பின் பயன் என்பதை அறியாத வயதில், விரலொன்றின் தொடுகையில் அது கரைந்துபோவது மெய்யாகவே வருந்தத்தக்கது.

இதன் ஆபத்தை அரசாங்கங்களும் உணராமலில்லை. பல சீட்டுகளை முழுத்தொகுதியாகச் சேர்த்தால்தான் பரிசென்று ஆசைகாட்டிய ஒருவகைக் காச்சாவை ஜப்பானிய நுகர்வோர் அலுவலகம் 2012 மே மாதத்தில் சட்டவிரோதமென்று கூறியது; 2017இலிருந்து சீனா சாத்தியவீதங்களைப் பகிரங்கப்படுத்தும்படி கட்டளையிட்டது; பெல்ஜியம் 2018இல் பணம் கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டமென்றே தீர்மானித்தது.

தொடங்குகிறவர் செய்யவேண்டியவை அதிகமில்லை. முதலில் பிளே ஸ்டோர் அமைப்பில், ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி செய்து, அச்சொல்லைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொள்ளவேண்டும். இழுப்பு நடக்கும் இடத்தைக் கூண்டு எனலாம்; என்றும் திறந்திருக்கும் நிரந்தரக் கூண்டுக்குரிய சீட்டுகளும், குறித்த வீரரைக் காட்டி அழைக்கும் விளம்பரக் கூண்டுக்குரிய சீட்டுகளும் வெவ்வேறு. நிரந்தரச் சீட்டுகள் தாமாகவே சேரும்; புதியவர்களுக்கென வைத்துள்ள முதல் 50 இழுப்பில், பத்துக்கு எட்டுச் சீட்டே கொள்ளும் தள்ளுபடியோடு, ஓர் ஐந்து நட்சத்திரத்தார் நிச்சயமாகக் கிடைப்பதால் அவற்றை அங்கே செலவிடலாம். கல்லைக் கொண்டு நிரந்தரச் சீட்டு வாங்குவது மட்டும் கூடாது. அணியில் நால்வரைத் தெரிந்து, கிடைக்கும் வளர்ச்சிப் பொருள்களை அவர்களுக்கே இடவேண்டும். பார்த்தவரையெல்லாம் கொஞ்சங்கொஞ்சமாக வளர்த்தால் ஒருவரும் பலம்பெறார். வளர்ச்சிப் பொருள் தேடச் செலவாகும் சக்தி ஆறு நிமிடத்துக்கு ஒன்றாக ஊறுவதால் ஒருநாளைக்கு 240 சேரும். பாடம் முடித்த பின் ஒரேதரம் அமர்ந்து அதைச் செலவிடலாம், இடையிடையே எடுத்துப் பார்க்கவேண்டியதில்லை. அன்றாடச் சிறு கடமைகளை முடித்தால் 60 கல் கிடைக்கும், மாதத்துக்கு 1,800, அதாவது பணமின்றியே பதினொரு இழுப்பு. கதையும் விழாக்களும் தருவது அதற்கு மேலதிகம்.

விளம்பரக் கூண்டு மூன்று வாரமளவில் மூடப்படும்; அந்தக் கடைசி நாளின் பரபரப்பிலேயே பெரும்பாலான பணம் செலவாகிறது என்று நினைக்கிறேன். நாற்பது இழுப்பு வீணாகிவிட்டதே, இன்றே விலைக்கு வாங்கி முடித்துவிடவேண்டும் என்று பிள்ளை துடிக்கும்போது, அந்த எண்ணிக்கை அழிவதில்லை என்பதை எடுத்துக்காட்டவேண்டும். விளம்பர வீரர்கள் பலர் சில மாதங்களின் பின் மறுபடியும் வருவார்கள்; நாற்பது என்ற கணக்கும் அடுத்த வீரருக்கான கூண்டுக்கு அப்படியே செல்லும்; அவன் 41ஆம் இழுப்பிலிருந்து தொடரலாம்.