பிரமசரியம்: சொல்லும் வாழ்வும்

சென் ஜேம்ஸ் ரவுணில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் எலிவேற்றரில் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி இன்னும் பிரமச்சாரிதானோ?" "ஓம் ஐயா" என்று சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்தபின்தான் அந்தப் பதில் சரிதானா என்ற யோசனை வந்தது.

கலியாணம் கட்டாதவர் என்பதே இச்சொல்லுக்கு நாம் இன்று கொள்ளும் பொருள். மூலப்பொருள் வேறு. 'பிரமம்' பரம்பொருளையும் வேதத்தையும் குறிக்கும். 'சரியம்' என்றால் ஒழுகுதல். குருவிடம் தங்கிக் கற்கும் மாணவப் பருவமே பிரமசரியம்; நான்கு ஆசிரமங்களுள் முதலாவது. காமத்தை விலக்குவது அதில் ஒரு பகுதி மட்டுமே. எளிய உணவும் குருவுக்குச் செய்யும் தொண்டும் அதனுள் அடங்கும். கற்று முடித்து இல்லறம் புகுபவர் உபகுர்வாணர். வாழ்நாள் முழுவதும் அந்நிலையில் நிற்பவர் நைட்டிகர். சமணமோ இல்லறத்தாருக்கும் இதை விதித்தது: தன் துணையோடு மட்டும் வாழ்வது அவர்களுக்குரிய பிரமசரியம்.

நைட்டிகப் பிரமசாரி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருபவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879). 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அதே ஆண்டில் சம்பள வேலையையும் விட்டார். பின்னர் அச்சுக்கூடம்; 1864இல் சிதம்பரத்தில் இன்னொரு பாடசாலை. அவருடைய துறவு எதற்காக என்பதற்கு அவர் எழுதியும் பதிப்பித்தும் தந்த நூல்களே சாட்சி.

காந்தியின் வழி வேறு. நான்கு பிள்ளைகளுக்குத் தந்தையானபின், 1906இல் தென்னாபிரிக்காவில் விரதம் பூண்டார். அதை எடுக்கும் வேளையில்தான் கஸ்தூரிபாயிடம் கேட்டதாக அவரே எழுதியிருக்கிறார். இருவர் வாழ்வை ஒருவர் தீர்மானிக்கலாமா என்ற கேள்வி எனக்கு இன்னும் உண்டு.

இந்தக் கட்டடங்களில் வேறொரு வகையினரும் வாழ்ந்தார்கள். எண்பதுகளில் அகதிகளாக வந்து, ஓர் அறையில் நாலைந்து பேராய்ப் படுத்து, இரண்டு வேலை செய்து, தங்கச்சிமாரின் சீதனத்துக்குக் காசு அனுப்பிய அண்ணன்மார். என் மாமா அவர்களில் ஒருவர். என் அம்மாவின் சீதனம் அவர் உழைப்பு. என் பொறியியல் முதுகலைப் படிப்பும் அவர் உழைப்பு. கடன்கள் தீர்ந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது. பிறகு அவர் கட்டவேயில்லை.

அவரைப் பிரமச்சாரி என்பதா? அவர் விரதம் எடுக்கவில்லை. விரும்பித் தெரியவும் இல்லை. அதைத் தவமென்று புகழ்ந்தால், அவர் இழந்ததை நாங்கள் கணக்கில் எடுக்காமல் விட்டதாகிவிடும்.

எனக்கோ விரதமுமில்லை, தியாகமுமில்லை. அந்தப் பெரியவர் மறுபடி கேட்டால், "இல்லை ஐயா, இன்னும் கலியாணம் கட்டேல்லை, அவ்வளவுதான்" என்று சொல்லவேண்டும்.