காருக்குப் பின்னால் சைக்கிள் மாட்டப் போறீங்களா? ‘பின்பாரம்’ பற்றித் தெரிஞ்சுக்கோங்க

வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூருவில் கிளம்பினால் ஓசூர், சேலம், நாமக்கல், கரூர் எல்லாம் இருட்டிலேயே கடந்துவிடும். பொழுது விடியும்போது வண்டி வேடசந்தூரை நெருங்கியிருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் திண்டுக்கல், அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல். வார இறுதியில் மலையில் சைக்கிள் ஓட்டப் போகிறவர்களுக்குப் பழக்கமான ரூட் இது. காரின் டிக்கியில் ஸ்டாண்டு மாட்டி, அதில் இரண்டு சைக்கிளைத் தொங்கவிட்டுப் போவார்கள். கேரவன் டிரெய்லரை இழுத்துச் செல்லும் ஆசையும் இப்போது சிலருக்கு வந்திருக்கிறது. டிரெய்லர் இருந்தால் சைக்கிளை அதன் பின்பக்கம் மாட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும்.

அதே தேசிய நெடுஞ்சாலை 44-ல்தான், சுற்றுவட்டார நூற்பாலைகளில் ஷிப்ட் முடிந்தவர்கள் டூவீலரில் வீடு திரும்புகிறார்கள். 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 25 மீட்டரைக் கடக்கிறது. அந்த வேகத்தில் 15 கிலோ சைக்கிள் ஒன்று கழன்று விழுந்தால், பின்னால் வருபவர் பிரேக்கைத் தொடுவதற்குள் அது அவர் முன்னால் கிடக்கும். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு விழுந்ததே தெரியாமல் போகலாம். மாட்டியவர் ஒருவர், மாட்டிக்கொள்பவர் வேறொருவர். கவனிக்க வேண்டியது அதனால்தான்.

பின்பாரம் என்றால் என்ன?

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது பாலபாடம். வண்டியில் மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். பின்னால் பாரம் கூடினால் முன்பக்கம் மேலே தூக்கும். நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். “பின்பாரம் ஆகுது மாமா, கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காருங்க” என்று வண்டிக்காரர் சொல்வது அதற்காகத்தான்.

காரோடு இணைத்த டிரெய்லரும் அப்படியே. அச்சு நடுவில் இருக்கிறது, முன்மூக்கு காரின் கொக்கியில் உட்கார்ந்திருக்கிறது. மாட்டின் இடத்தில் கார். மூக்கு கொக்கியை ஓரளவு அழுத்திக்கொண்டே இருந்தால்தான் டிரெய்லர் நேராக வரும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியில் இறங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றும் பொதுவான கணக்கு.

50 கிலோ என்ன செய்துவிடும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிரெய்லரின் எடை 1,000 கிலோ. கொக்கியில் இறங்குவது 120 கிலோ, அதாவது 12 சதவீதம். நல்ல நிலைதான். இப்போது பின்பக்கம் 20 கிலோ ஸ்டாண்டும், தலா 15 கிலோவில் இரண்டு சைக்கிளும் மாட்டுகிறோம். மொத்தம் 50 கிலோ.

அந்த 50 கிலோ அச்சிலிருந்து 3 மீட்டர் பின்னால் தொங்குகிறது. கொக்கி அச்சிலிருந்து 4 மீட்டர் முன்னால் இருக்கிறது. சீசா பலகை கணக்குதான்: 50-ஐ 3-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 37.5. கொக்கியில் இறங்கும் எடை 120-லிருந்து 82.5 கிலோவாகக் குறைந்துவிடும். 12 சதவீதமாக இருந்தது 8 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. வெறும் இரண்டு சைக்கிள், ஒரு ஸ்டாண்டு, அவ்வளவுதான்.

மூக்கு லேசானால் வால் ஆட ஆரம்பிக்கும். பக்கத்தில் ஒரு பெரிய பஸ் ஓவர்டேக் செய்தாலே போதும், டிரெய்லர் இடமும் வலமும் அலையும். கடைக்கோடியில் பாரம் தொங்குவதால் அந்த ஆட்டம் அடங்கவும் நேரமாகும்.

அப்படி ஆடினால் என்ன செய்ய வேண்டும்? ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். பயந்துபோய் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புவதும் நிலைமையை மோசமாக்கும்.

கார் ஸ்டாண்டை டிரெய்லரில் மாட்டலாமா?

பெரும்பாலும் கூடாது. வேகத்தடையில் ஏறும்போது காரைவிட டிரெய்லரின் வால் அதிகமாகத் துள்ளும். ஒவ்வொரு குலுக்கலிலும் ஸ்டாண்டின் மேல் விழும் விசை, சைக்கிளின் எடையைப் போலப் பல மடங்கு. அதனால்தான் காருக்காகச் செய்த பல ஸ்டாண்டுகளின் கையேட்டிலேயே ‘டிரெய்லரில் பயன்படுத்தக் கூடாது’ என்று போட்டிருப்பார்கள்.

அமெரிக்க டிரெய்லர்கள் பலவற்றில் பின்பக்கம் 4 அங்குலச் சதுரக் குழாய் ஒன்று பம்பர் போல இருக்கும். பார்க்க உறுதியாகத் தெரியும். ஆனால் அது மெல்லிய தகடு. கழிவுநீர் ஹோஸை உள்ளே செருகி வைப்பதுதான் அதன் முக்கிய வேலை. அதில் ஸ்டாண்டை மாட்டினால் குழாய் முறுக்கிக்கொள்ளும், வெல்டிங் விட்டுப்போகும். பட்டறையில் செய்யும் டிரெய்லருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஸ்டாண்டை பம்பரில் மாட்டக் கூடாது, அடிச்சட்டத்தோடு இணைக்க வேண்டும்.

இதைவிட எளிய வழிகள் உண்டு. டிரெய்லருக்கு உள்ளேயே, அச்சுக்கு நேர் மேலே சைக்கிளைக் கட்டலாம். அல்லது இழுக்கும் காரின் கூரையில் ஏற்றலாம். பாரம் முன்னால் வந்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

டிரெய்லர் இல்லை, கார் மட்டும்தான் என்றால்?

வால் ஆடும் பயம் இல்லை. மறைக்கும் பிரச்சினை இருக்கிறது. டிக்கியில் தொங்கும் சைக்கிள் நம்பர் பிளேட்டையும் பிரேக் லைட்டையும் இண்டிகேட்டரையும் மறைக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். ராத்திரியில் பின் நம்பர் பிளேட் 15 மீட்டரிலிருந்து படிக்கும்படி வெளிச்சம் இருக்க வேண்டும்.

அகலமும் முக்கியம். ஒரு சைக்கிளின் நீளம் சுமார் 1.7 முதல் 1.8 மீட்டர். ஆல்ட்டோ 800 காரின் அகலமோ 1.49 மீட்டர்தான். இரண்டு பக்கமும் சக்கரம் துருத்திக்கொண்டு நிற்கும். ஒட்டி வரும் டூவீலர்காரரின் கைப்பிடி அதில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே வைத்தாலே நீளம் கணிசமாகக் குறையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவு, அனுமதித்த அளவுக்கு மேல் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ சுமை நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்கிறது. சுமையை இறக்கும் செலவும் நம் தலையில்தான். தனி தண்டனை குறிப்பிடாத விதிமீறல்களுக்குப் பொதுவான 177-வது பிரிவில் முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவை 1,500 ரூபாய் வரை அபராதம். டிரெய்லரும் தனியாகப் பதிவு செய்ய வேண்டிய வாகனம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

கம்பி ஏற்றிய வண்டிகளில் சிவப்புத் துணி கட்டுவதைப் பார்த்திருப்போம். சைக்கிளுக்கும் அதையே கட்டினால் பகலில் கொஞ்சம் உதவும். இருட்டில் துணி தெரியாது. ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கரும், விளக்கு மறைந்தால் தனி லைட் போர்டும்தான் உதவும்.

காற்றும் மலையும்

‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பார்கள். ஆடியில் இந்தச் சமவெளியில் பக்கவாட்டுக் காற்று பலமாக வீசும்போது, உயரமான கேரவன் டிரெய்லர் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். கூரையில் நிமிர்ந்து நிற்கும் சைக்கிளும் அப்படித்தான். வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மலைக்குப் போகிறவர்கள் நீளத்தையும் அளந்துகொள்ள வேண்டும். 4.5 மீட்டர் கார், 5 மீட்டர் டிரெய்லர், பின்னால் ஸ்டாண்டு என்று கூட்டினால் 10 மீட்டரைத் தாண்டிவிடும். கொடைக்கானலுக்கு 12 மீட்டருக்கு மேல் நீளமான வாகனங்கள் வர 2024 நவம்பரிலிருந்து தடை இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸும் நடைமுறைக்கு வந்தது.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

* ஸ்டாண்டு தாங்கும் எடையைப் பாருங்கள். சாதாரண சைக்கிள் 15 கிலோ என்றால், இ-சைக்கிள் 25 கிலோ வரை வரும்.
* கனமான சைக்கிளைக் காரை ஒட்டி முதலில் மாட்டுங்கள். லேசானது வெளியே.
* ஸ்டாண்டின் பெல்ட் போக, சைக்கிள் ஃபிரேமையும் ஸ்டாண்டையும் சேர்த்து இன்னொரு பெல்ட்டால் கட்டுங்கள். ஒன்று அறுந்தாலும் மற்றது பிடிக்கும்.
* சைலென்சருக்கு நேராக டயர் இருக்கிறதா என்று பாருங்கள். சூட்டில் ரப்பர் உருகிவிடும்.
* ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் 20 அடி தள்ளி நின்று பாருங்கள். விளக்கும் நம்பரும் தெரிகிறதா?
* சைக்கிளைப் பிடித்து ஓங்கி ஆட்டுங்கள். கார் சேர்ந்து ஆடினால் சரி. சைக்கிள் மட்டும் ஆடினால் கட்டு தளர்வு.

கிளம்பி 15 கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தி பெல்ட்டை இறுக்கிப் பாருங்கள். புதிதாக இழுத்துக் கட்டியது முதல் சில கிலோமீட்டரில்தான் தளரும். அப்புறம் டீ குடிக்க நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தடவை. விடிகாலையில் வேடசந்தூர் பக்கம் நிறுத்தினால், டீ சொல்லிவிட்டு முதலில் வண்டிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் அந்தக் கட்டை நம்பித்தான் உங்கள் பின்னால் வரப் போகிறார்.