கணக்கு வகுப்புக்கு அடுத்து நடன வகுப்பு

பள்ளி நேரத்தில் நடனமா, படிப்பு கெடாதா என்று கேட்கத் தோன்றுகிறதா நேயர்களே? நியூயார்க் சிட்டி பாலேயின் முன்னணிக் கலைஞர் ஜாக் டாம்ப்வாஸ் அதற்குச் செயலிலேயே பதில் சொன்னார். 1976-ல் நேஷனல் டான்ஸ் இன்ஸ்டிட்யூட்டைத் தொடங்கி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, அவர்கள் பள்ளியிலேயே, காசு வாங்காமல் ஆடக் கற்றுக்கொடுத்தார். எல்லாருமா நடனக் கலைஞர் ஆகப்போகிறார்கள்? ஆக வேண்டியதே இல்லை. பியானோ ஒலிக்கிறது, தாளத்தை மனசுக்குள் எண்ணி, பக்கத்துப் பிள்ளையைக் கவனித்து, சரியான நொடியில் கால் வைக்க வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து. இப்படிக் கவனமும் பொறுமையும் உடம்பிலேயே ஊறும்போது படிப்பு எப்படிக் கெடும்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தனி வகுப்புக்குப் போய்விடும். போக முடியாத பிள்ளைகளைத் தேடித்தான் அவர் பள்ளிக்கே போனார்.