காரில் விழுந்த கீறல்

நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை ஆகிய ஊர்கள் தேசிய நெடுஞ்சாலை 66-இல் உள்ளன. சாலையை விட்டு உள்ளே போனால் வழிகள் குறுகலானவை. மதிலோ வேலியோ உரசினால் காரில் கீறல் விழும். பட்டறையில் காம்பவுண்டு போட்டுத் தேய்த்து அதைப் போக்குகிறார்கள்.

கீறல் எப்படி மறைகிறது? காம்பவுண்டு கீறலை அடைப்பதில்லை. அதில் கடினமான பொடி இருக்கிறது. பெரும்பாலும் அது அலுமினியம் ஆக்சைடு. பொடி உரசும்போது கீறலைச் சுற்றியுள்ள பெயிண்ட் தேய்கிறது. எல்லாம் ஒரே மட்டத்துக்கு வருகிறது. குத்துவிளக்கைச் சாம்பலால் தேய்ப்பதும் இதே முறைதான்.

இன்றைய கார்களில் நிறத்தின் மேல் நிறமில்லாத ஒரு பளபளப்பான பூச்சு உண்டு. அதன் பெயர் கிளியர் கோட். அதன் கனம் ஒரு தலைமுடி அளவுகூட இருக்காது. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அது குறைகிறது. குறைந்தது திரும்ப வராது.

ஆகவே தேய்க்கும் முன் சோதிக்க வேண்டும். முதலில் காரை நன்றாகக் கழுவ வேண்டும். மணல் ஒட்டியிருந்தால் புதிய கீறல் விழும். பிறகு கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தடுக்காவிட்டால் கீறல் பெரும்பாலும் போய்விடும். நகம் தடுக்கினால் கீறல் ஆழமானது. தகடு தெரிந்தால் காம்பவுண்டு உதவாது. பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். தாமதித்தால் துரு பிடிக்கும். பூவார் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் துரு சீக்கிரம் வரும்.

வேலையை நிழலில் செய்வது நல்லது. தகட்டின் சூடு ஆறியிருக்க வேண்டும். மென்மையான துணியில் சிறிது காம்பவுண்டு எடுத்தால் போதும். ஒரே இடத்தில் அழுத்தித் தேய்க்கக் கூடாது. மெஷினையும் ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. சூடேறிப் பெயிண்ட் கெட்டுவிடும். கதவின் ஓரங்களில் பெயிண்ட் எளிதில் தேயும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். கடைசியில் பாலிஷும் மெழுகும் போட வேண்டும்.

சில கீறல்களுக்கு முதலில் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்ப்பார்கள். தாளின் பின்புறம் எண் அச்சிட்டிருக்கும். எண் கூடினால் தாள் மென்மை. எண் குறைந்தால் தாள் கரடு. 2000 எண் தாளுக்குப் பதில் 220 எண் தாளை எடுத்தால் பெயிண்டே போய்விடும். காரின் சொந்தக்காரர் நஷ்டம் கேட்பார். உழைத்தவரின் கூலியும் போகும்.

எண்ணைப் படித்த பிறகே தாளைக் கையில் எடுக்க வேண்டும்.